கல்வெட்டும் முகப்புப் பக்கமும்

திருச்சுழிப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும், மழை பொய்த்த கரிசலை விட்டுப் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். அருப்புக்கோட்டையில் தறி வைத்திருப்பவர்களும் கடைக்காரர்களும் தரும் அரிசியிலும் துணியிலும் அது நடக்கிறது. கணினித் துறை மாணவர்கள் சிலர் தங்கள் இறுதியாண்டுச் செயல்திட்டமாக அதற்கு ஓர் இணையதளம் அமைக்க முன்வந்தார்கள். தமிழ் வாசகங்களைத் திருத்தித் தரும்படி என்னிடம் வந்தார்கள்.

முகப்பில் ஒரு சிறுமியின் படம். கலங்கிய கண்கள். கீழே அவள் பெயர், ஊர், தந்தை இறந்த விதம். செய்நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படம் எடுத்த அன்று அவள் ஒன்று கேட்டாளாம்: "அண்ணே, இத எங்க பள்ளிக்கூடத்துலயும் பாப்பாங்களா?" அவளுக்கு மகிழ்ச்சி என்று மாணவர்கள் எண்ணிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சட்டமும் இதை ஏற்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் மாற்றவேண்டிய பக்கமல்ல இது. ஈகையை எழுதும் முறையிலேயே நாம் எங்கோ பிசகியிருக்கிறோம்.

நம்மிடம் பழைய முறை ஒன்று உண்டு. நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்த செய்தி சோழர் கல்வெட்டுகள் பலவற்றில் வருகிறது. கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் அளக்கவேண்டிய உழக்கு நெய் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மந்தை பெருகிக்கொண்டே இருக்கும். முதல் குறையாது என்பது பொருள். கல்லில் கண்ணீர் இல்லை. கணக்கும் பொறுப்பும்தான் இருக்கின்றன.

மாணவர்களிடம் இதைச் சொன்னேன். "படம் இல்லேன்னா பணம் வராது சார்" என்றான் ஒருவன். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. முகம் இரக்கத்தைத் தூண்டும், கணக்குத் தூண்டாது. ஆயினும் ஒரு முறை இரங்கிக் கொடுப்பவரைக் காட்டிலும், கணக்குப் பார்த்து ஆண்டுதோறும் கொடுப்பவரே அந்தச் சமையற்கட்டுக்கு வேண்டியவர். தன் துயரத்தை விற்றுத்தான் சோறு உண்ணவேண்டும் என்று ஒரு குழந்தையிடம் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை.

பக்கத்தைப் புதிதாக எழுதினார்கள். இல்லத்தின் பதிவு எண், 80ஜி வரிவிலக்குச் சான்று, மாதத்துக்கு எத்தனை மூட்டை அரிசி, சென்ற ஆண்டு வரவு செலவு, பொறுப்பாளர் யார் என்பவை மட்டும். படங்கள் இரண்டே: கட்டடம், சமையற்கட்டு. எளிய எச்டிஎம்எல், யுனிகோடு எழுத்து. கோபுரம் சரியாக எட்டாத ஊரிலும் கைப்பேசியில் எளிதில் திறக்கும். எளிமை என்பது குறையன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பக்கங்களில் அலங்காரம் கிடையாது. தன்னார்வலர் உழைப்பில் அவை தலைமுறை கடந்து நிற்கின்றன.

மாணவர் செயல்திட்டங்கள் பெரும்பாலும் மதிப்பெண் வந்ததும் இறந்துவிடும். தளப்பெயர் மாணவன் பெயரில் இருக்கும். அவன் வேலைக்குப் போய்விடுவான். ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளிருக்காது. ஆகவே தளப்பெயரை இல்லத்தின் பெயரிலேயே பதியச் சொன்னேன். கடவுச்சொல் பொறுப்பாளரிடம். அரிசிக் கணக்கை மாதந்தோறும் மாற்றும் வழியை மாணவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சாவா மூவா என்பதற்கு இன்று இதுதான் பொருள்.

கணினித் துறை கட்டட்டும். வாசகத்தைத் தமிழ்த் துறை எழுதட்டும். உதவி பெறுபவர் தலைநிமிர்ந்து படிக்கக்கூடியதா என்பதே அதற்கு உரைகல். இப்போது அந்தச் சிறுமியின் பள்ளிக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்.