தலையெண்ணிக்கையில் தொடங்கும் கடமை

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

ஒன்றிய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு சட்டத்தொகுப்புகளாக்கிய மாற்றம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்புகளும் அவை. தொழிலாளர் நலம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் உள்ளதால், சட்டம் நாடாளுமன்றத்தில் பிறந்தாலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருட்டாலைக்கும் காக்களூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைக்கும் அதைப் பொருத்திக்காட்டும் விதிகளில் பெரும்பகுதியை மாநில அரசே வகுக்க வேண்டும். இம்மடல் அவ்விதிகளைப் பற்றியது. குறிப்பாக, அவை ஆளை எப்படி எண்ணப்போகின்றன என்பதைப் பற்றியது.

சிறு முதலாளியின் கடமை ஒவ்வொன்றும் ஒரு தலையெண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடும், பணி முடிந்து விலகுவோருக்கு உரிய பணிக்கொடையும் வந்துசேர்கின்றன. இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதியும், தொழிலாளரின் முறையீடுகளைக் கேட்கும் குறைதீர்ப்புக் குழுவும் கட்டாயமாகின்றன. மின்விசையில் இயங்கும் ஓர் இடம் சட்டப்படி ‘தொழிற்சாலை’ ஆவதற்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் பத்துத் தொழிலாளரே போதுமானதாக இருந்தது. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலோ இருபது பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பிரிவுகள் 20 பேருக்குப் பதிலாக 50 பேரிலிருந்தும், பணி நடத்தை நெறிகளை வரையறுக்கும் நிலையாணைகள் 100 பேருக்குப் பதிலாக 300 பேரிலிருந்தும் பொருந்துகின்றன.

இவ்வெண்கள் அச்சில் தெளிவாகவே இருக்கின்றன. பட்டறை வாசலில்தான் கலங்குகின்றன. எடுத்துக்காட்டாக, ஓர் உருட்டாலையின் வருகைப் பதிவேட்டில் 14 பெயர்களும், உலைப்பகுதியிலும் சரக்கு ஏற்றும் இடத்திலும் வேலை செய்யும் இரண்டு கான்ட்ராக்டர்களின் பதிவேடுகளில் தலா 11 பெயர்களும் இருப்பதாகக் கொண்டால், அங்கே வேலை செய்வோர் 14 பேரா, 36 பேரா என்ற கேள்விக்கு வைப்பு நிதிச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் ஒப்பந்ததாரர் வழி வந்தவரையும் சேர்த்தே விடை சொல்லிவந்திருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், ஒப்பந்ததாரர் வழியாக அமர்த்தப்பட்டவரும் தொழிலாளியே என்று தன் வரையறையிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. அந்த வெளிப்படை மாநில விதிகளிலும் வரிக்கு வரி இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால், ஒரே கூரையின்கீழ் நடுவே தகரத் தடுப்பு வைத்து, மனைவி பெயரில் ஒன்றும் தம்பி பெயரில் ஒன்றுமாக இரண்டு நிறுவனங்களை நடத்தும் பழைய சூழ்ச்சிக்குப் புதிய சட்டம் இன்னும் அகலமான கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். ஒழுங்காகக் கணக்குக் காட்டுபவரே அந்தப் போட்டியில் நட்டப்படுவார்.

‘தொழிற்சாலை’ என்ற வரையறையிலிருந்து விடுபட்டதையே சட்டத்திலிருந்து விடுபட்டதாகச் சிலர் கொள்வதும் இதனோடு சேர்ந்த பிழை. பத்துத் தொழிலாளர் உள்ள எந்த நிறுவனத்துக்கும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பின் பொதுக்கடமைகள் பொருந்தும். நியமனக் கடிதம் தருவதும் அவற்றுள் ஒன்று. வாய்ச்சொல்லிலேயே ஆள் சேர்த்துப் பழகிய பட்டறைகளுக்கு இது சிறிய மாற்றமன்று.

ஊதியத்தின் புதிய வரையறை அதைவிடப் பெரிய மாற்றம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், பணியில் நிறுத்திவைப்பதற்கான படி இருந்தால் அதுவும் சேர்ந்ததே ஊதியம். வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்ற விலக்கப்பட்ட இனங்கள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கொள்ளப்படும். மாதம் 30,000 ரூபாய் பெறும் ஃபிட்டர் ஒருவருக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் 12,000, இதர படிகள் 18,000 என்று வைத்துக்கொண்டால், பாதிக்கு மேற்பட்ட 3,000 ரூபாய் ஊதியத்தோடு சேர்ந்து 15,000 ஆகும். 12 விழுக்காட்டு வைப்பு நிதிப் பங்கு 1,440 ரூபாயிலிருந்து 1,800 ஆகிறது. அதே தொகை தொழிலாளியின் சம்பளத்திலும் பிடிக்கப்படுகிறது. ஓராண்டுப் பணிக்கு 15 நாள் ஊதியம் என்று கணக்கிடப்படும் பணிக்கொடை ஏறத்தாழ 6,923 ரூபாயிலிருந்து 8,654 ஆக உயர்கிறது. இது தொழிலாளிக்கு நியாயமாகச் சேர வேண்டிய பணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பகுதிநேரக் கணக்கர் ஒருவரை நம்பியே சம்பளப் பட்டியல் போடும் நிறுவனத்துக்கு, இக்கணக்கைத் தமிழில், மாதிரிப் பட்டியலோடு, துறையே விளக்கிக்காட்டுவது எந்தச் சுற்றறிக்கையைவிடவும் பயன்படும்.

வேலையை விட்டு நின்றவருக்கும் நிறுத்தப்பட்டவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது ஊதியத் தொகுப்பின் மற்றொரு விதி. செட்டில்மென்ட்டை அடுத்த மாதச் சம்பள நாளுக்குத் தள்ளிவைப்பதே இதுவரை பல இடங்களில் வழக்கம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளி திருவிழாவுக்கு ஊர் போவதாகச் சொல்லி ரயிலேறுகிறார்; திரும்பியும் வரலாம், வராமலும் போகலாம். அவர் விடுப்பில் இருக்கிறாரா, விலகிவிட்டாரா, இரண்டு நாள் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பவற்றுக்கு விதியில் விடை இருந்தால் தொழிலாளியின் பணமும் தப்பும், முதலாளியும் தப்புவார். சொந்த முயற்சியில் வந்து வேலைக்குச் சேர்ந்த, மாதம் 18,000 ரூபாய் வரை பெறுபவரையும் மாநிலம் கடந்த புலம்பெயர் தொழிலாளியாகப் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு ஏற்றுக்கொள்வதாலும், அத்தகையோர் பத்துப் பேர் உள்ள நிறுவனம் ஊர் சென்று திரும்பும் பயணச் செலவைத் தர வேண்டும் என்பதாலும், இக்கேள்வி கும்மிடிப்பூண்டியில் ஓரிருவருடையதன்று.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தொழிலுறவுத் தொகுப்பு குறித்தகாலப் பணியை, அதாவது முடிவுத் தேதி முன்னமே எழுதப்பட்ட நியமனத்தை, அனுமதிப்பதோடு, அத்தகையவர் ஓராண்டு பணிபுரிந்தாலே பணிக்கொடைக்கு உரியவராவார் என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் சொல்கிறது. 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் பொருந்தும் தொழிலகங்களில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவரின் நிலை என்ன என்பதை நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருக்க விடாமல், அரசே தன் நிலைப்பாட்டை எழுத்தில் தெரிவிப்பது நன்று.

சட்டத்தொகுப்புகளை எதிர்க்க மாநில அரசுக்கு உரிமை உண்டு. அதற்கான காரணங்களும் எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த 2023ஆம் ஆண்டுத் திருத்த மசோதா, பேரவையில் ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பின் விளைவாக மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை எவரும் மறக்கவில்லை. ஆனால் எதிர்ப்பும் மௌனமும் ஒன்றல்ல. ஒன்றியச் சட்டம் நடைமுறையில் இருக்க, முரண்படாத அளவுக்குப் பழைய விதிகளும் இடைக்காலத்தில் தொடர, எந்தப் பழைய பதிவேடு இன்னும் செல்லும், எது செல்லாது என்பதைத் தனியார் ஆலோசகர்களிடம் கட்டணம் கொடுத்துக் கேட்டறிய வேண்டிய நிலை சிறு முதலாளிக்குத்தான் வாய்க்கிறது. சட்டப்பிரிவே வைத்திருக்கும் பெருநிறுவனத்துக்கு அது ஒரு பிற்பகல் வேலை.

முதல் தவறுக்கு வழக்குத் தொடர்வதற்கு முன் எழுத்துவழி வாய்ப்புத் தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பு சொல்கிறது. ஐந்தாண்டுக்குள் அதே தவறு மீண்டும் நேர்ந்தால் அவ்வாய்ப்பு இல்லை. ஆய்வாளர் என்ற பதவிக்கும் இப்போது ஆய்வாளரும் வழிகாட்டியும் ஆனவர் என்ற பொருள்படும் பெயர் வந்திருக்கிறது. அப்பெயருக்கு ஏற்ப, மாநிலத்தின் இறுதி விதிகள் வெளிவரும்போது கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர், திருமழிசை ஆகிய இடங்களில் துறை அலுவலர்கள் நேரில் அமர்ந்து, தலையெண்ணிக்கையை எண்ணும் முறையையும் ஊதியக் கணக்கையும் முதலாளிகளுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் சேர்த்தே விளக்குவதற்கும், மாதிரி நியமனக் கடிதத்தைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அச்சிட்டுக் கொடுப்பதற்கும் செயலாளர் அவர்கள் ஆணையிட வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது.