வேக் தீவுக்கு வேலைக்குப் போனவர்கள்



எங்க வீட்டில் அண்ணனிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. லீவு விட்டால் போதும், 'பேட்டில்ஃபீல்டு 1942' என்ற கேம்தான். அதில் லாடம் மாதிரி வளைந்த ஒரு தீவு வரும். பேர் வேக் தீவு. கரையில் இறங்கணும், சுடணும், கொடியைப் பிடிக்கணும். செத்தாலும் கொஞ்ச நேரத்தில் திரும்ப எழுந்து வரலாம். நம்ம வகுப்புப் பையன்களும் வந்து பார்ப்பாங்க. டாங்கி செய்யற ஆவடி பக்கத்திலேயே இருக்கு, சேக்காட்டுப் பையன்களுக்கு டாங்கி ஆசையைச் சொல்லவா வேணும்!

அது கற்பனைத் தீவுன்னு நினைச்சேன். ஆனால் பசிபிக் கடலில் நிஜமாகவே இருக்கிறது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. 11ஆம் தேதி இறங்க வந்த படையை அமெரிக்க வீரர்கள் விரட்டி, இரண்டு போர்க்கப்பல்களை மூழ்கடித்தார்கள். 23ஆம் தேதி தீவு ஜப்பான் கைக்குப் போனது. கேம் இந்தச் சண்டையோடு முடிஞ்சிடும்.

அப்போது அங்கே 1,100க்கும் மேற்பட்ட கட்டட வேலைக்காரர்கள் இருந்தார்கள். சிப்பாய்களை விட இவர்கள்தான் அதிகம்! ராணுவத் தளம் கட்ட, சம்பளத்துக்கு வந்தவர்கள். பலரைக் கைதியாகக் கப்பலில் கொண்டு போய்விட்டு, 98 பேரை மட்டும் வேலை வாங்க நிறுத்திக்கொண்டார்கள். 1943 அக்டோபர் 7 அன்று அவர்களைக் கடற்கரையில் நிறுத்திச் சுட்டார்கள். ஒருவர் மட்டும் தப்பித்து, ஒரு பாறையில் '98' என்றும் தேதியும் செதுக்கினார். பிறகு அவரையும் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். அவர் பேர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. பாறை இன்னும் இருக்கிறது. உத்தரவு போட்ட தளபதி சகாய்பாராவை 1947இல் தூக்கில் போட்டார்கள்.

எங்க அப்பா கொத்தனார். சித்தப்பா போர்ட் பிளேரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார். அதனால்தான் இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தப்பா இருக்கிற அந்தமானையும் ஜப்பான் 1942 மார்ச் 23 அன்று பிடித்தது. 1943 டிசம்பர் 30 அன்று நேதாஜி அங்கே கொடி ஏற்றினார். இது நம்ம எல்லோருக்கும் தெரியும், பேச்சுப் போட்டியில் சொல்லிக் கைதட்டல் வாங்குவோம். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரேகஞ்ச் என்ற இடத்தில் உளவாளிகள் என்று சொல்லி 44 இந்தியர்களை ஜப்பான் படை சுட்டுக் கொன்றது. இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்? நானே இப்போதுதான் படித்தேன். நேதாஜியைப் பற்றிப் பேசும் மேடையிலேயே இதையும் சொல்லலாம். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கேம் விளையாடாதீங்கன்னு நான் சொல்லவில்லை. (சொன்னாலும் கேட்க மாட்டாங்க.) நிஜத் தீவை எடுத்து கேம் செய்தவர்கள் அந்த வேலைக்காரர்களை ஒரு வரியிலாவது காட்டியிருக்கணும். அந்தப் பாறையையாவது வைத்திருக்கலாம். "கேம்ல பாறையைக் காட்டினா யார் விளையாடுவா?"ன்னு அண்ணன் சிரிச்சான். அப்புறம் அன்றைக்கு ராத்திரி, "98 பேர்னா சொன்னே?"ன்னு அவனே வந்து கேட்டான்.

சமூக அறிவியல் மிஸ், ஒரு பீரியட் அந்தமானுக்கு ஒதுக்குங்க, ப்ளீஸ். என் கருத்து தப்புன்னு நினைக்கிற பையன்கள் அடுத்த இதழில் பதில் எழுதலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி