சிப்பாயின் பழைய சட்டை

யுத்தம் என்ற பெயரைக் கேட்டாலே நடுங்குகிற சாதுக்களுக்கும் ஏற்ற யுத்தம் ஒன்று உண்டு. அதில் மேஜைதான் போர்க்களம். விரல் உயரப் பொம்மைகளே சேனை. இங்கிலாந்தில் இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்துப் பிரசித்தமாக்கியவர் நாவலாசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை வெளியிட்டு, பெரிய யுத்தத்தைவிடச் சின்ன யுத்தம் எவ்வளவோ மேல் என்று வாதித்தார். மறு வருஷமே ஐரோப்பிய மன்னர்கள் பெரிய யுத்தத்தைத் தேர்ந்தெடுத்துக் கொண்டார்கள்!

இது நிற்க. வெல்ஸின் சேனையில் ஊழியம் செய்தவை, லண்டன் பிரிட்டன் கம்பெனியார் 1893 முதல் வார்த்து வந்த ஈயச் சிப்பாய்கள். உள்ளே கூடாக இருப்பது அவற்றின் விசேஷம். 1966-ல் அக்கம்பெனியார் ஈயத்தைக் கைவிட்டனர். இன்று அந்நாட்டில் இவ்விளையாட்டுக்குரிய பொம்மைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக், ரெஸின், ஈயம் கலவாத வெள்ளை உலோகம் ஆகியவற்றால் ஆனவை. ஆனால் பழைய பொம்மைகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் பூசிய வர்ணத்தின்மேல் மற்றொருவர் பூசினால், சிப்பாயின் மூக்கும் பித்தானும் மறைந்து, அவன் மெழுகுருண்டை போல் ஆகிவிடுவான். ஆகவே புதிய சட்டை போடுமுன் பழைய சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். திரவத்தைத் தேடுவதற்கு முன் தேகத்தைப் பரீட்சிக்க வேண்டும். லேசாக இருந்தால் பிளாஸ்டிக் அல்லது ரெஸின். கனமாக இருந்தால் உலோகம். உலோகம் என்றால், வர்ணமில்லாத அடிப்பாகத்தை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். பென்ஸில் கோடுபோல் கரிய கீற்று விழுந்தால் அதில் ஈயம் இருக்கிறதென்று சந்தேகிக்கலாம். உடனே சோப்புப் போட்டுக் கையைக் கழுவி விடுங்கள்.

பிளாஸ்டிக்குக்கு அஸிடோனும் தின்னரும் பரம சத்துருக்கள். வர்ணத்தோடு சிப்பாயையும் கரைத்துவிடும். ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலே உசிதம். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் பொம்மை மூழ்கும்வரை ஊற்றிச் சில மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் அக்ரிலிக் வர்ணம் உரிந்து வரும். வெள்ளை உலோகத்துக்கும் இதே முறைதான். ரெஸினை அதிக நேரம் ஊறவைத்தால் இளகிப்போகும். முதலில் ஒரு மூலையில் பரீட்சை செய்வது நலம். பசை இளகிக் கையோ வாளோ கழன்று வந்தால் திடுக்கிட வேண்டாம்; மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் பலர் டெட்டாலில் ஊறவைக்கிறார்கள். அதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஊறிய பொம்மையை நேரே தண்ணீரில் காட்டினால், கரைந்த வர்ணம் பிசினாக மாறிப் பிடித்துக்கொள்ளும். புதிய டெட்டாலில் தேய்த்துத் துடைத்த பிறகே நீரில் கழுவ வேண்டும்.

ஆல்கஹால் சீக்கிரம் தீப்பற்றக் கூடியது. அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து வேலை செய்ய வேண்டும். ப்ளீச்சிங் திரவத்தை எதனோடும் கலக்கக் கூடாது. விஷப் பொருள்கள் உண்டாகும். காஸ்டிக் ஸோடா தோலையும் கண்ணையும் எரித்துவிடும். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். வர்ணம் கரைந்த கசடைச் சாக்கடையில் கொட்டுவதும் தகாது.

இனி, காகிதத்தில் கோடு கிழித்தானே, அந்த ஈயச் சிப்பாயின் கதி என்ன? அவனுடைய தேகம் மட்டுமல்ல, பழைய வர்ணமும் ஈயம் கலந்ததாக இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சோடு கலக்கும். தரையில் தவழும் குழந்தையின் விரலிலும் ஒட்டும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அதற்கு இல்லை என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு.

லாபக் கணக்குப் பார்த்தாலும், முதலில் பூசிய வர்ணத்தோடு இருக்கும் பழைய சிப்பாய்க்கே சேகரிப்பவர்களிடம் மதிப்பு. சுரண்டி மெருகேற்றினால் விலை ஏறாது, இறங்கும். எனவே அவனைக் கண்ணாடிப் பெட்டியில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்தி வையுங்கள். ஓக் மரப் பெட்டி மட்டும் ஆகாது. அம்மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடியும் நஞ்சுதான்.

மற்றச் சிப்பாய்களுக்குப் புதுச் சட்டை தைத்துப் போடுங்கள். இந்தக் கிழவன் மட்டும் பழைய சட்டையோடேயே பென்ஷன் வாங்கட்டும்.