வாரம் மூன்று நாள் அலுவலகம்: பேருந்துக்கு யார் சொல்வது?

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்கள் சில நாள்களுக்குள் ஊழியர்களின் வீடுகளுக்கே இடம்பெயர்ந்தன. மடிக்கணினியும் இணைய இணைப்பும் காணொளிக் கூட்டமும் இருந்தால் வேலை நின்றுவிடாது என்பது அப்போது தெரிந்தது. தொற்று தணிந்த பிறகும் அந்த ஏற்பாடு மறையவில்லை. வாரம் இரண்டு மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள்கள் வீடு என்ற முறை பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது.

இதைப் பற்றிய வாதத்தில் இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆவடியிலிருந்து சிறுசேரிக்குப் போய்வருபவருக்கு அன்றைய பொழுதில் பெரும்பகுதி சாலையிலேயே கழிகிறது. சிறு குழந்தைகளோ முதிய பெற்றோரோ உள்ள வீடுகளில், வேலையை விடாமல் தொடர இந்த ஏற்பாடு உதவுகிறது. நிறுவனங்கள் சொல்வதும் பொய்யல்ல. புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவரின் பக்கத்தில் அமர்ந்து கற்பதைத் திரை வழியே கற்பது கடினம்.

ஆனால் இந்த வாதத்துக்குள் வராத மூன்றாம் தரப்பு ஒன்று இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் வாழும் பகுதிகள். அங்கிருந்து பலர் இதே கட்டடங்களுக்குத் துப்புரவுக்கும் காவலுக்கும் கேன்டீன் வேலைக்கும் போகிறார்கள். பலர் நகருக்குள் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். இவர்களின் வேலையை எந்தத் தொழில்நுட்பமும் வீட்டுக்குக் கொண்டுவராது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது இவர்களுக்குப் பெரிய ஆறுதல். பேருந்து வராத நேரத்தில் அந்தச் சலுகையால் பயனில்லை. அலுவலகக் கூட்டம் குறைந்துவிட்டது என்று நடைகளைக் குறைத்தால், முதலில் அடிபடுபவர்கள் இவர்களே.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஓடும் பார்ட் ரயில் இதைக் கண்கூடாகக் காட்டியது. பயணக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்த அந்த அமைப்பு, மென்பொருள் ஊழியர்கள் வீட்டிலேயே தங்கியதும் வார நாள் பயணிகளில் பாதிக்கும் மேற்பட்டோரை இழந்தது. நிதி நெருக்கடி இன்னும் தீரவில்லை. ஆனாலும் 2023 செப்டம்பரில் அது எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. ரயில்களின் நீளத்தைக் குறைத்தார்கள். இரவிலும் வார இறுதியிலும் 30 நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்த சேவையை 20 நிமிடத்துக்கு ஒன்று ஆக்கினார்கள். அலுவலகம் போகிறவரை மட்டுமே மனத்தில் வைத்திருந்த அட்டவணை மற்றவர்களையும் பார்க்கத் தொடங்கியது.

போக்குவரத்தை யாருக்காகத் திட்டமிடுவது என்பது சென்னைக்கும் அவசரமான கேள்வி. 63,246 கோடி ரூபாய் மதிப்பிலான இரண்டாம் கட்ட மெட்ரோவில், மாதவரம் – சிறுசேரி சிப்காட் தடம் மட்டும் சுமார் 45 கிலோமீட்டர். வீட்டிலிருந்தே வேலை செய்யும் காலத்தில் இவ்வளவு செலவு தேவையா என்று கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. தேவை என்றே கருதுகிறோம். பழைய மகாபலிபுரம் சாலையில் பயணம் செய்பவர்கள் மென்பொருள் ஊழியர்கள் மட்டுமல்லர். ஆனால் நிலையத்துக்கும் பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளுக்கும் இடையே இணைப்புப் பேருந்து இல்லாவிட்டால், தடம் அருகிலேயே இருந்தும் பலருக்கு எட்டாது.

கட்டணமும் மாற வேண்டும். மாநகரப் பேருந்தின் மாதம் 1,000 ரூபாய் பாஸ் தினமும் போகிறவரை நினைத்து வகுத்தது. பிரிட்டன் ரயில்களில் 2021 ஜூனில், 28 நாள்களுக்குள் எந்த எட்டு நாள்களிலும் பயணம் செய்யும் சலுகைச் சீட்டு வந்தது. வாரம் இரண்டு நாள் போகிறவருக்கு அது பொருந்தும். மூன்று நாள் போகிறவருக்குப் போதாது. நாம் 12 நாள் பாஸாகவே தொடங்கலாம்.

இவற்றைப் போக்குவரத்துக் கழகம் தனியாகச் செய்ய முடியாது. எந்தக் கிழமையில் எத்தனை பேர் வருவார்கள் என்பது நிறுவனங்களுக்குத்தான் தெரியும். எல்லோரும் செவ்வாய், புதன், வியாழனையே தேர்ந்தெடுத்தால் அந்த மூன்று நாளும் நெரிசல், மற்ற நாள்களில் காலிப் பேருந்து. அண்டை நிறுவனங்கள் தங்கள் நாள்களை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதால் யாருக்கும் பெரிய இழப்பு இல்லை. அலுவலகம் போகும் நாளில் காரை விட்டுப் பேருந்தில் ஏறுவது ஊழியர்கள் தரக்கூடிய பங்கு.

முதல்வர் தலைமையிலான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் (கும்டா), பேருந்தையும் ரயிலையும் மெட்ரோவையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர 2010இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்தது. அந்த மேசையில் இச்சாலையின் நிறுவனங்களுக்கும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரிக் குடியிருப்போருக்கும் இடம் தந்து, சோழிங்கநல்லூர் சந்திப்பைச் சுற்றி மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம். நாள் பகிர்வு, 12 நாள் பாஸ், அதிகாலையிலும் இரவிலும் கூடுதல் நடைகள் – மூன்றையும் மெட்ரோ வரும்வரை காத்திராமல் இப்போதே தொடங்க முடியும்.