தஞ்சைக்குத் தொழிலகம் வேண்டும், வயலின்மேல் வேண்டா!

"எங்கள் பிள்ளைகளை ஓசூருக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பதா? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு தொழிலகம் எழலாகாதா?" என்று தஞ்சை மக்கள் கேட்கின்றனர். கேட்பதில் ஞாயம் இருக்கின்றது. 'நெற்களஞ்சியம்' என்று ஓயாமல் புகழ்ந்தே ஒரு நாட்டை ஏழைமையில் வைத்திருக்க முடியும் என்பதற்குத் தஞ்சையைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. புகழ்ந்தவர்கள் வரப்பின்மேல் நின்றார்கள். சேற்றில் நின்றவன் பண்ணையாள். அவனை நினைத்தபோது விரட்டாமல் காக்கவே 1952இல் ஒரு தனிச்சட்டம் தேவைப்பட்ட மண் இது. அவனுடைய பெயரன் இன்று படித்துவிட்டு, "நான் நாற்றுப் பறிக்கமாட்டேன், பொறி இயக்குவேன்" என்றால், அவனைப் பார்த்து உழவின் பெருமை பேச எவர்க்கும் உரிமையில்லை.

ஆகவே தொழில் வேண்டுமா, வேண்டாவா என்பதன்று கேள்வி. எந்த நிலத்தில், எந்தத் தொழில், எவருடைய இசைவோடு என்பதே கேள்வி.

2014இல் மாநகராட்சியாக உயர்ந்த தஞ்சை, அன்று தொட்டே தொழிலுக்கு இடம் தேடி வருகின்றது. திருச்சிராப்பள்ளிச் சாலையில் செங்கிப்பட்டியை அடுத்த பாளையப்பட்டிப் பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா அமைக்கும் முயற்சி எடுக்கப்பட்டிருக்கின்றது. 2024 செப்தம்பர் 23ஆம் நாள், 55,000 சதுர அடியில் தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு கட்டடம் திறக்கப்பட்டது. அதற்கு 'மினி டைடல் பூங்கா' என்று பெயர். 'சிறு' என்னும் ஈரெழுத்துச் சொல் தமிழ்நாட்டரசின் கைவயம் இல்லை போலும்! பெயரை விடுவோம். அந்தக் கட்டடம் வயலைத் தின்னவில்லை, நஞ்சு கக்கவில்லை, நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலையை நம் பிள்ளைகளுக்குத் தருகின்றது. அதை வரவேற்கிறோம்.

இனி நிலத்தைப் பார்ப்போம். தஞ்சை நகர் ஒரு விளிம்பின்மேல் நிற்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் வெண்ணாறும் வெட்டாறும் குடமுருட்டியும் பாயும் பழைய படுகை. மேற்கிலும் தென்மேற்கிலும் வல்லம் தொடங்கிச் செங்கிப்பட்டி வரை செம்மண் மேடு. இவ்விரண்டுக்கும் ஊடே, 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து பிறந்த கல்லணைக் கால்வாய், நம் மக்கள் வாயில் 'புது ஆறு', பெரிய கோயிலின் அருகாகவே ஓடிச் செல்கின்றது. அது ஓடிய பிறகுதான் ஒரத்தநாடும் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் நன்செய் ஆயின. வானம் பார்த்த மேட்டுநிலத்தை இரண்டு தலைமுறை உழைப்பால் வயலாக்கியவர்கள் அப்பகுதி உழவர்கள்.

அந்த ஒரத்தநாட்டு வட்டத்து வடசேரியைத்தான், 2023 மார்ச்சு 29ஆம் நாள் நடுவணரசு வெளியிட்ட நிலக்கரி ஏல அறிவிப்பில் கண்டோம். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி என மூன்று இடங்கள். தமிழ்நாட்டரசைக் கேட்கவில்லை; உழவனைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. முதலமைச்சர் மு.க. இசுடாலின் ஏப்பிரல் 5ஆம் நாள் சட்டமன்றத்தில், தாமும் காவிரிப்படுகையைச் சேர்ந்தவரே என்று கூறி, இத்திட்டத்துக்கு இசைவு தரப்படாது என உறுதியளித்தார். 8ஆம் நாள் நடுவண் அமைச்சர் அம்மூன்று இடங்களையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக அறிவித்தார். பத்தே நாளில் வந்தது, போனது. ஆனால் தில்லியில் இருக்கும் ஒரு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தால் ஒரத்தநாட்டு வயல் சுரங்கமாகும் என்ற நிலை மட்டும் போகவில்லை.

இது முதல் தடவையுமன்று. மன்னார்குடியை நடுவாகக் கொண்ட 691 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க, 2011 சனவரியில் தமிழ்நாட்டரசே ஒரு குழுமத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதை எதிர்த்து ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார், 2013 திசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அப்பணியிலேயே உயிர் நீத்தார். அத்திட்டத்துக்கு 2015இல்தான் முற்றாகத் தடை வந்தது. 2017 சூன் 30ஆம் நாள் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் ஓடியது. கேட்கப் போன மக்கள் தடியடி பட்டுச் சிறை புகுந்தனர். அதே ஆண்டில்தான் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 சிற்றூர்களைப் பெட்ரோலிய வேதிப்பொருள் மண்டலம் என்று வளைத்தார்கள்; 57,000 ஏக்கருக்கு மேல். 2020இல் அதுவும் கைவிடப்பட்டது.

2020 பிப்பிரவரியில் அன்றைய எடப்பாடி பழனிச்சாமி அரசு, காவிரிப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம், ஓட்டை உள்ள நல்ல சட்டம். துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பாலை, தோல் பதனிடும் ஆலை, கப்பல் உடைப்பு, எண்ணெய், எரிவளி எடுப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடுத்தது. முன்னரே தோண்டிய கிணறுகளைத் தொடவில்லை. எண்ணெய்த் தூய்விப்பு ஆலை அப்பட்டியலில் இல்லை. அதன் பயனை ஓராண்டிலேயே கண்டோம்: 2021 பிப்பிரவரி 17ஆம் நாள், நாகைக்கு அருகே பனங்குடியில் 31,500 கோடி உருபா மதிப்பில், ஆண்டுக்கு 90 நூறாயிரம் டன் எண்ணெயைத் தூய்விக்கும் ஆலைக்குத் தலைமை அமைச்சர் அடிக்கல் நாட்டினார். அங்கே 1993இல் தொடங்கிய சிற்றாலையைப்போல் இது ஒன்பது மடங்கு. நிலம் கொடுத்தவர்கள் மறுவாழ்வுத் தொகை கேட்டுப் போராட நேர்ந்தது. இன்னொன்றும் அச்சட்டத்தில் இல்லை: வீட்டுமனை. ஓர் ஆலை வந்தால் ஊர் திரண்டு எதிர்க்கும். கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி, நாளேட்டில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து வயலை மனையாக்கினால் எவரும் வாய் திறப்பதில்லை. நம்மவர்களே வரிசையில் நின்று முன்பணம் கட்டுகிறோம்.

சட்டத்தைப் பற்றிப் பேசுகையில், பலர் அறியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013ஆம் ஆண்டின் நடுவண் நிலமெடுப்புச் சட்டம், பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில் அன்றி எடுக்கலாகாது என்கின்றது. அப்படி எடுத்தால் அதற்கு ஈடான நிலத்தை விளைநிலமாக்கித் தரவேண்டும் என்றும் சொல்கின்றது. தில்லியின் சட்டங்களில் நமக்குப் பயன்படும் வரிகள் குறைவு. இது அவற்றுள் ஒன்று. ஆனால் இவ்வரி தமிழ்நாட்டுத் தொழிற்பூங்காவுக்குப் பொருந்தாது! ஏனெனில், சிப்காட் நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்தின் வழி. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய பகுதிகள் தவிர்த்த பிறவற்றுக்கு அச்சட்டம் விலக்குப் பெற்றுவிட்டது. 2019இல் சென்னை உயர்நயன்மன்றம் அவ்விலக்கைச் செல்லாது என்றது. சில திங்களில் சட்டமன்றம் மீண்டும் சட்டம் இயற்றிப் பழைய நிலையை மீட்டது. 2021இல் உச்சநயன்மன்றமும் அதை ஏற்றது. தில்லி நம் உரிமையைப் பறித்தால் முழங்குகிறோம். நம் சட்டமன்றமே நம் உழவனின் காப்பைக் கழற்றியபோது எத்தனை பேர் முழங்கினோம்?

வடசேரியைக் காப்போம் என்று சூளுரைத்த அதே 2023 ஏப்பிரலில், 16 நாள் கழித்து, கூட்டத்தொடரின் இறுதி நாளான 21ஆம் நாள், அதே மன்றத்தில் வேறொரு சட்டமும் நிறைவேறியது. 100 எக்டேருக்குக் குறையாத பெருந்திட்டம் என்றால், அந்நிலத்தினூடே உள்ள ஏரியையும் ஓடையையும் வாய்க்காலையும் சேர்த்துத் திட்டத்தாரிடம் ஒப்படைக்க வழிசெய்யும் நில ஒருங்கிணைப்புச் சட்டம் அது. வாய்க்காலை இழந்த வயலின் கதி என்ன என்பதைக் கடைமடை உழவனிடம் கேளுங்கள். செய்யாற்றுப் பக்கம் மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த உழவர்கள்மேல் 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்ததையும் மறந்துவிட வேண்டா.

நன்செயில் ஆலை கட்டப் போய் ஆலையும் இல்லாமல் வயலும் இல்லாமல் நின்ற ஊர் ஒன்று மேற்கு வங்காளத்தில் உண்டு. சிங்கூர். 2006இல் டாட்டாவின் மகிழுந்து ஆலைக்காக 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. பெரும்பகுதி பல போகம் விளைந்த நிலம். மக்கள் எதிர்த்தனர். 2008இல் ஆலை குசராத்துக்குப் போய்விட்டது. 2016இல் உச்சநயன்மன்றம் நிலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. பத்தாண்டு கழித்துத் திரும்பிய நிலத்தில் கற்காரையும் கம்பியும் கிடந்தன. உழ முடியாத வயலும் ஓடாத ஆலையும் ஓர் ஊருக்கு ஒருசேரக் கிடைத்தது அங்கேதான்.

அப்படியானால் மேற்கே போங்கள், செம்மண் மேடு கிடக்கின்றதே என்போம். போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் அதையும் ஆளற்ற பாழ்நிலம் என்று எண்ணிக்கொண்டு போகலாகாது. அங்கே ஏரிகள் உண்டு. உய்யக்கொண்டான் நீட்டிப்பு வாய்க்காலும் புதிய கட்டளை மேட்டு வாய்க்காலும் உண்டு. புறம்போக்கில் ஆடு மேய்த்தும் முந்திரி பொறுக்கியும் வாழ்கின்ற, பட்டா இல்லாத ஏழைகள் உண்டு. பட்டா உடையவனுக்குத் தொகை கிடைக்கும். குத்தகைக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் அறிவிப்புத் தாள்கூடக் கிடைக்காது. 'எய்ம்சு' மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டரசு முன்மொழிந்த ஐந்து இடங்களுள் செங்கிப்பட்டியும் ஒன்று. 2018இல் அது மதுரைத் தோப்பூருக்குப் போயிற்று. அம்மேட்டில் பெருநிலம் இருக்கின்றது என்பதை அரசே ஒப்பியிருக்கின்றது என்பதற்காக இதைச் சொல்கிறோம். பிறகு ஏன் வயலைப் பார்க்கவேண்டும்?

நகர்க்கு நிலம் தேவைப்படும்போது கை நீளும் இன்னோர் இடமும் உண்டு. 1981இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம். மாவட்ட ஆட்சியர் அலுவலகமே அந்நிலத்தின் ஒரு பகுதியில்தான் எழுந்தது. தமிழுக்குக் கொடுத்த நிலம் என்றால் கேட்பாரற்ற நிலம் என்று பொருளோ! அதன் எஞ்சிய பரப்பில் ஒரு சாணும் எந்தத் தொழிலுக்காகவும் எடுக்கப்படலாகாது.

எந்தத் தொழில்? இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தஞ்சைத் தொடர்வண்டி நிலையத்துக்குப் போனால் போதும். அறுவடைக் காலத்தில் சரக்குப் பெட்டிகளில் நெல்மூட்டை ஏறுகின்றது. அரைப்பதற்காக வேறு மாவட்டங்களுக்குப் போகின்றது. விளைவது இங்கே, உமி நீங்குவது வேறெங்கோ! உமியும் தவிடும் தவிட்டெண்ணெயும் அதனால் வரும் கூலியும் நெல்லோடு சேர்ந்தே வண்டி ஏறிவிடுகின்றன. கொள்முதல் நிலையத்து வாயிலில் மூட்டைகள் மழையில் நனைந்து முளைவிடுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பிள்ளையார்பட்டியிலும் புனல்குளத்திலும் திறந்தவெளியில் தார்ப்பாயைப் போர்த்தி அடுக்குகிறார்கள். இத்தனைக்கும் நெல் பதப்படுத்துவதை ஆராய்வதற்கென்றே 1967இல் தொடங்கிய நிறுவனம் பல பெயர் மாறித் தஞ்சையிலேயே இருக்கின்றது. அறிவு இருக்கின்றது, நெல் இருக்கின்றது, வேலை தேடும் கை இருக்கின்றது. ஆலை மட்டும் இல்லை. அரைவை ஆலை, காற்றுப்புகாக் கிடங்கு, தவிட்டெண்ணெய் ஆலை, உழவுப் பொறிகள் செய்யவும் செப்பனிடவும் பட்டறைகள், தேங்காயும் வாழையும் பதப்படுத்தும் கூடங்கள் ஆகியவை செங்கிப்பட்டி மேட்டில் எழுந்தால் உழவனும் வாழ்வான், உழவன் மகனும் வாழ்வான். சுவாமிமலைச் சிற்பி காவிரி வண்டலைக் கொண்டே அச்சு வார்க்கிறான். ஆற்றை நம்பி வாழும் தொழில் ஆற்றைக் கொல்லாது.

ஆகவே தமிழ்நாட்டரசிடம் நாம் கேட்பன இவை. வேளாண் மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலில் எண்ணெய்த் தூய்விப்பு ஆலையும் வேதிப்பொருள் ஆலையும் சேர்க்கப்படவேண்டும். வாய்க்கால் பாயும் நன்செயை மனையாக்குவதற்கும் அதே சட்டத்தில் தடை வேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில், பல போக நிலத்தைத் தொடலாகாது என்ற வரி தமிழ்நாட்டின் சொந்த வரியாகவே எழுதப்படவேண்டும். தொழிற்பூங்காவுக்கு எடுக்கப்படும் நிலத்தின் புல எண், பரப்பு, அதன் நீர்வழி, அதில் உழைப்போர் பெயர் ஆகிய அனைத்தும் தூய தமிழில் அச்சிடப்பட்டு, ஊரவையில் உரக்கப் படிக்கப்பட்ட பிறகே அளவுச் சங்கிலி இறங்கவேண்டும். நிலம் கொடுத்த ஊரின் பிள்ளைகளுக்கும், பட்டா இன்றி அந்நிலத்தில் உழைத்தவர் பிள்ளைகளுக்கும் அங்கே முதல் வேலை என்பது வாய்ச்சொல்லாக அன்றி, ஆலையோடு செய்யும் உடன்படிக்கையிலேயே இடம்பெற வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் உள்ள நம் அன்பர்கள், அடுத்து ஊரவை கூடும் நாளில் இக்கோரிக்கைகளைத் தீர்மானங்களாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். நிறைவேறிய தீர்மானத்தின் படியை மாவட்ட ஆட்சியருக்கும் தொழில்துறைச் செயலாளருக்கும் விடுத்துவைத்து, ஒன்றை நமக்கும் அனுப்புங்கள்.