முழங்கையின் இரகசியம்

கட்டைபறிச்சானில் வீச்சுவலை எறிபவரைக் காணும் எவருக்கும், வலை வட்டமாக விரிந்து விழும் அழகிலேதான் கண் செல்லும். அவருடைய முழங்கையை யாரும் பார்ப்பதில்லை. இவ்வாரம் அந்த முழங்கையைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

வாசகர்கள் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். உள்ளங்கையை மேசைமீது ஊன்றி, தோளை நகர்த்தாமல், முழங்கையை மட்டும் உயர்த்தித் தாழ்த்துங்கள். உள்ளங்கை அசையாது, புயமோ பல நிலைகளை எடுக்கும். தோளில் 3, முழங்கையில் 1, முன்கையில் 1, மணிக்கட்டில் 2 என நமக்கு 7 வகை அசைவுகள் உண்டு. ஒரு பொருளை வேண்டிய இடத்தில் வேண்டிய கோணத்தில் பிடிக்க 6 போதும். மிஞ்சிய ஒன்றினால் முழங்கைக்கு எண்ணற்ற இடங்கள் வாய்க்கின்றன. அவற்றுள் ஒன்றை மூளை நம்மைக் கேளாமலே தெரிந்தெடுக்கிறது. மாங்கொப்பை எட்டிப் பிடிக்கும் குரங்குக்கும் இதே சிக்கல்தான்.

கனடாவின் மொன்றியலில் ஸ்கொட், கலாஸ்கா என்போர் குரங்குகளை ஒரே இலக்குகளை நோக்கி இருவிதமாகக் கை நீட்டப் பழக்கினர்: ஒருமுறை இயல்பாக, மறுமுறை முழங்கையைத் தோள்மட்டத்துக்கு உயர்த்தி. கை சென்ற பாதை ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் மூளையின் இயக்கப் பகுதியிலுள்ள கலங்கள் பலவற்றின் வேலை மாறியதென 1997இல் அறிவித்தனர். கை எங்கே போகிறது என்பதோடு, புயம் எவ்வாறு நிற்கிறது என்பதும் மூளைக்குக் கணக்கு.

அந்நிலையை உணரும் நரம்புகள் அறுந்தால்? 1895இல் இங்கிலாந்தில் மொட், செரிங்டன் இருவரும் ஒரு குரங்கின் புயத்து உணர்ச்சி நரம்புகளை வெட்டினர். தசையை இயக்கும் நரம்புகள் பழுதின்றி இருந்தும், குரங்கு அக்கையைக் கைவிட்டது. பிற்காலத்தில் அமெரிக்கரான எட்வேட் டௌப், நல்ல கையைக் கட்டிவைத்தால் குரங்கு உணர்விழந்த கையை மீண்டும் பயன்படுத்தும் எனக் கண்டார். (அவருடைய ஆய்வுக் குரங்குகளின் நிலைபற்றி 1981இல் பெரும் வழக்கே எழுந்தது. அவ்வாயில்லாப் பிராணிகள் கொடுத்த விலையை நாம் மறைக்க விரும்பவில்லை.)

பாரிசவாதத்தால் ஒரு கை தளர்ந்தவருக்கு இன்று அளிக்கப்படும் பயிற்சியொன்று இதிலிருந்தே பிறந்தது. நல்ல கைக்கு உறை மாட்டி, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியில், ஏறக்குறைய இரு வாரங்கள் தளர்ந்த கையாலேயே வேலை செய்விக்கிறார்கள். 222 நோயாளரிடம் நடத்திய சோதனை பலன் தந்ததென 2006இல் வெளியாயிற்று. நம் வீடுகளிலோ, அன்பு மிகுதியால் சோற்றையும் ஊட்டிவிடுகிறோம்! ஒன்று மட்டும்: மணிக்கட்டும் விரல்களும் சிறிதேனும் அசைபவருக்கே இப்பயிற்சி உரியது, அதுவும் வைத்தியரின் மேற்பார்வையில்.