உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமே...

இந்த வாரம் கொஞ்சம் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்க வேண்டிய விஷயம். சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கிறவர்கள் சாப்பாட்டை முடித்துவிட்டு வரவும். அவசரமில்லை, காத்திருக்கிறேன்.

ஆச்சா?

விஷயம் இதுதான். கணவர் மேல் (அல்லது மனைவி மேல்) ஒரு நாற்றம். ஒருநாள் ரெண்டுநாள் இல்லை, மாசக்கணக்கில். மனுஷர் ரெண்டு வேளை குளிக்கிறார். சோப்பு கரைகிறது. துவைத்த சட்டைதான் போடுகிறார். ஆனாலும் பக்கத்தில் வந்தால் குப்பென்று அடிக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. எப்படிச் சொல்வது என்று அதைவிடத் தெரியவில்லை.

வாசனை ஆராய்ச்சி நமக்குப் புதிதல்ல. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா, பூ வைப்பதால் வருகிறதா என்று பாண்டிய ராஜாவுக்குச் சந்தேகம் வந்து, ஆயிரம் பொன் பரிசு அறிவித்து, தருமி ஓடி வந்து, நக்கீரர் எழுந்து நின்று, கடைசியில் சிவபெருமானே சபைக்கு வந்து வாதாட வேண்டியதாயிற்று. 1965ல் 'திருவிளையாடல்' படத்தில் ஊரே பார்த்தது. ராணியின் கூந்தலுக்கு இத்தனை அமர்க்களம். ராஜாவின் கமுக்கட்டைப் பற்றி ராணிக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று ஒரு புலவரும் கேட்கவில்லை. இருந்திருக்கும். பாவம், சொல்லியிருக்க மாட்டாள்.

'நாற்றம்' என்ற சொல்லே பாவப்பட்ட சொல். திருவள்ளுவர் காலத்தில் அதற்கு மணம் என்றுதான் அர்த்தம். ஐம்புலன் கணக்கில் சுவை, ஒளியோடு அதையும் மரியாதையாகச் சேர்த்திருக்கிறார். இன்றைக்கு வீட்டுக்காரரிடம் போய் ''உங்க மேல நாற்றம்'' என்று சொல்லிப் பாருங்கள். குறளை மேற்கோள் காட்டித் தப்பிக்க முடியாது.

இதில் பெரிய கொடுமை, சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் தெரியாது. மூக்கு ஒரு விசித்திரமான குமாஸ்தா. புதுசாக வருகிற வாசனையை உடனே ரிப்போர்ட் செய்யும். அதே வாசனை தொடர்ந்து வந்தால் ஃபைலை மூடி ஓரமாக வைத்துவிடும். மீன் மார்க்கெட்டில் நுழைந்ததும் குமட்டுகிறது. கால் மணி நேரம் பேரம் பேசினால் ஒன்றும் தெரிவதில்லை அல்லவா? அப்படித்தான். 24 மணி நேரமும் கூடவே இருக்கிற சொந்த வாடையை மூக்கு கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம், உரியவருக்கு மட்டும் தெரியாது.

என் நண்பன் ஒருவன். அவன் வீட்டில் நடந்ததை அவன் அனுமதியோடு, பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அவன் பிறந்தநாளுக்கு மனைவி ஒரு சென்ட் பாட்டில் வாங்கித் தந்தாள். 'என் மேல் எவ்வளவு ஆசை' என்று இவனுக்குப் பூரிப்பு. அடுத்த மாசம் சந்தன சோப்பு ஒரு டஜன். தீபாவளிக்குப் பவுடரும் ஸ்ப்ரேயும். அப்போதும் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பிறகு, ''குழந்தை ராத்திரில முழிச்சுக்குது, உங்க தூக்கம் கெடும்'' என்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள். பைக்கில் போகும்போது நடுவில் பையை வைத்துக்கொண்டாள். இவன் ஆசையாகக் கிட்டே போனால் திடீரென்று அடுப்பில் பால் ஞாபகம் வந்தது.

எட்டு மாசம். அவன் என்ன நினைத்திருப்பான்? 'என்னைப் பிடிக்கவில்லை. வேற ஏதோ இருக்கு.' அவள் என்ன நினைத்திருப்பாள்? 'சொன்னால் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் நான் உடைந்துபோவேன்.' ரெண்டு பேரும் நல்லவர்கள். ரெண்டு பேரும் ராத்திரி தனித்தனியாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து அவன் அம்மா வந்தார். வாசலில் பையை வாங்கக் குனிந்தவனிடம், உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார்:

''என்னப்பா தம்பி, உடம்புல இப்படி ஊசின வாடை அடிக்குது? எத்தனை நாளா இருக்கு? டாக்டர்கிட்ட காட்டினியா?''

சமையலறையில் மருமகள் அழ ஆரம்பித்துவிட்டாள். துக்கத்தில் இல்லை, நிம்மதியில்.

தோல் டாக்டரிடம் போனான். கையைத் தூக்கச் சொன்னார். அக்குள் முடியில் மெழுகு பூசின மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. 'ட்ரைக்கோமைக்கோஸிஸ்' என்று பெயர் பயங்கரமாக இருந்தாலும், விஷயம் சின்னது. ஒருவகை பாக்டீரியா முடியில் கூடாரம் அடித்துக்கொண்டு வாழ்கிறது. நம் ஊர் புழுக்கத்துக்கு அதற்குக் கொண்டாட்டம். பனியனில் மஞ்சள் கறை விழும். ரெண்டு வேளை இல்லை, நாலு வேளை குளித்தாலும் போகாது. வைத்தியம்? முடியைச் சுத்தமாக மழிப்பது, தடவிக்கொள்ள ஒரு மருந்து. முடிந்தது.

''எட்டு மாசத்தை ஒரு பிளேடு தீர்த்து வச்சுதுடா மாப்ளே'' என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கண் மட்டும் சிரிக்கவில்லை.

சரி, நாற்றம் எங்கிருந்து வருகிறது? பழி வியர்வை மேல். உண்மையில் வியர்வைக்கு அநேகமாக வாசனையே கிடையாது. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் இரண்டு ரகம். ஒன்று, உடம்பு பூராவும் இருந்து சூட்டைத் தணிப்பது, தண்ணீரும் உப்பும்தான். இன்னொன்று அக்குள், தொடை இடுக்கு மாதிரி இடங்களில் இருப்பது. கொழுப்பும் புரதமும் கலந்து கொஞ்சம் கெட்டியாக வரும். தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு இதுதான் கல்யாண விருந்து. அவை சாப்பிட்டுப் போட்ட எச்சில் இலைதான் நமக்கு நாற்றம். இந்த இரண்டாவது ரகம் வயசுக்கு வரும்போதுதான் வேலையை ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஓடி ஆடி வியர்த்து வந்தாலும் குழந்தையைக் கட்டிக்கொள்ள முடிகிறது. பத்தாம் வகுப்புப் பையனின் ஸ்கூல் பையைத் திறக்க முடிவதில்லை.

இந்த இடத்தில் அடியேன் படித்த பி.காம். கைகொடுக்கிறது. கணக்குப் பதிவியலில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். உள்ளே நஷ்டம் இருக்கும், பேலன்ஸ் ஷீட் மட்டும் ஜோராக இருக்கும். வியர்வை மேல் பவுடர் போடுவதும் சென்ட் அடிப்பதும் அதுதான். மல்லிகையும் நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும். அதற்குப் பெயரே கிடையாது. கடையில் 'ஆன்டி பெர்ஸ்பிரன்ட்' என்று போட்டிருப்பது வேறு. அது அலுமினிய உப்பு, வியர்வையையே குறைக்கும். காலையில் ஈர அக்குளில் போட்டுக்கொண்டு ஓடுவதைவிட, ராத்திரி நன்றாகத் துடைத்து, காய்ந்த பிறகு போட்டுக்கொண்டு படுப்பது பலன் தரும். சலூன்காரர் ஷேவ் செய்து முகத்தில் தேய்க்கும் படிகாரமும் அந்த வம்சம்தான்.

குற்றவாளி உடம்பாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சட்டையாகவும் இருக்கலாம். பெல்ஜியத்தில் 26 பேரை ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் பனியன்களை மறுநாள் மோந்து பார்த்தார்கள். (இதற்கும் ஆள் கிடைக்கிறது!) பருத்தியைவிட பாலியெஸ்டர்தான் மோசமாக நாறியது என்று 2014ல் எழுதினார்கள். நாற்றம் தரும் சில பாக்டீரியாக்களுக்கு பாலியெஸ்டர் பிடித்திருக்கிறது. நம் ஆள் சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் யூனிஃபார்மும் ஹெல்மெட்டும் ஷூவுமாகத் திரிகிறார் என்றால், முதலில் பீரோவைச் சோதியுங்கள். அடைமழையில் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி அரைகுறையாகக் காய்ந்த துணியும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

வாயாகவும் இருக்கலாம்: சொத்தைப் பல், ஈறு, டான்சிலில் சேரும் வெள்ளைக் கல். சாப்பாடாகவும் இருக்கலாம்: பூண்டு, வெந்தயம் எல்லாம் வயிற்றோடு நிற்பதில்லை, மூச்சிலும் வியர்வையிலும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும். சில மாத்திரைகள் வியர்வையைக் கூட்டும். தைராய்டு எகிறினாலும் கூடும்.

சில வாடைகளை மட்டும் அலட்சியப்படுத்தக் கூடாது. சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகின பழ வாடை, அதோடு வாந்தி, தாகம், மேல்மூச்சு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூச்சில் அமோனியா நெடி என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டாலும் மூச்சு ஒரு மாதிரி மாறும்.

மகாபாரதத்தில் செம்படவர் வீட்டில் வளர்ந்த சத்தியவதி மேல் எப்போதும் மீன் வாடை. 'மச்சகந்தி' என்றே பெயர். பராசரர் வரம் தந்து பரிமளகந்தி ஆக்கினார். கதைதானே என்று நினைக்க வேண்டாம். உடம்பில் அழுகின மீன் வாடை வீசும் ஒரு பரம்பரைக் கோளாறு நிஜமாகவே இருக்கிறது, அபூர்வமானது. முட்டை, ஈரல், மீன் போன்றவற்றிலிருந்து குடலில் உண்டாகும் ஒரு பொருளை வாடையில்லாததாக மாற்ற வேண்டிய கல்லீரல் என்ஸைம் சரியாக வேலை செய்வதில்லை. அந்த மரபணுவை 1997ல் கண்டுபிடித்தார்கள். பராசரர் இல்லாத இந்தக் காலத்தில் சாப்பாட்டுக் கட்டுப்பாடும், அமிலத்தன்மை உள்ள சோப்பும் ஓரளவு உதவுகின்றன. இவர்களைப் போய் 'குளிக்காத ஜென்மம்' என்று சொன்னால் அது எவ்வளவு பெரிய பாவம்!

இப்போது ஸ்காட்லாந்துக்கு ஒரு நடை போய் வருவோம். அங்கே பெர்த் நகரத்தில் ஜாய் மில்ன் என்று ஒரு நர்ஸ் அம்மா. கணவர் லெஸ், டாக்டர். முப்பதுகளில் அவர் மேல் திடீரென்று ஒரு புது வாடை. சரியாகக் குளிப்பதில்லை போலிருக்கிறது என்று ஜாய் நச்சரித்தார். அவருக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. 45வது வயதில் லெஸ்ஸுக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பல வருஷம் கழித்து, பார்க்கின்சன் நோயாளிகளின் கூட்டத்துக்குப் போன ஜாய் திகைத்துவிட்டார். அறை முழுக்க அதே வாடை!

ஆராய்ச்சியாளர்கள் சும்மா நம்புவார்களா? 12 பேர் போட்ட டி-ஷர்ட்டுகளைக் கொடுத்தார்கள். ஆறு, நோயாளிகளுடையது, ஆறு, ஆரோக்கியமானவர்களுடையது. ஜாய் நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவரையும் நோயாளி என்றார். 'ஒன்று தப்பு' என்று குறித்துக்கொண்டார்கள். எட்டு மாசத்தில் அந்த ஆளுக்கும் பார்க்கின்சன் என்று உறுதியாயிற்று. தோலின் எண்ணெய்ப் பசையில் நடக்கும் மாற்றம்தான் காரணம் என்று 2019ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. லெஸ் 2015லேயே போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு, வியர்த்து வருகிற கணவரையெல்லாம் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அந்த அம்மாவுக்கு மூக்கு அபூர்வ மூக்கு. நான் சொல்ல வந்தது வேறு. உடம்பு சில சமயம் பேச ஆரம்பிப்பது வாடையில். அதைக் கேட்கிற தூரத்தில் இருப்பது பக்கத்துத் தலையணைக்காரர் ஒருவர்தான். அவரும் வாயை மூடிக்கொண்டால் அந்தச் சேதி போய்ச் சேரவே சேராது.

சொல்வதற்கு முன்னால் ஒன்று. உங்கள் மூக்கு சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருக்கும்போது மூக்கு கூர்மையாகிவிடும். 2020க்குப் பிறகு கொரோனா வந்து போன பலருக்குக் காபிகூடக் கருகல் வாடை அடித்தது. வீட்டில் வேறு யாருக்காவது தெரிகிறதா என்று விசாரியுங்கள். ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவரிடம் கடைசியாகச் சொல்லக் கூடாது.

எப்போது சொல்லலாம்? சண்டை நடக்கும்போது கூடாது; அது ஆயுதமாகிவிடும். குழந்தைகள் முன்னால் கூடாது. படுக்கையில், அவர் ஆசையாக வரும்போது கூடவே கூடாது, ஜென்மத்துக்கும் மறக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடி, காபி. அது நல்ல நேரம்.

என்ன சொல்லலாம்? அந்த திருவாரூர் அம்மாவைக் கவனியுங்கள். 'நீ நாறுகிறாய்' என்று சொல்லவில்லை. உடம்பில் வாடை, எத்தனை நாளாக, டாக்டரிடம் காட்டினாயா? மூன்றே கேள்வி. அதில் குற்றச்சாட்டு இல்லை, கவலைதான் இருக்கிறது. அதையே நாமும் சொல்லலாம்: ''ஏங்க, கொஞ்ச நாளா உங்க உடம்புல வாடை மாறியிருக்கு. நீங்க நல்லாத்தான் குளிக்கிறீங்க, அது எனக்குத் தெரியும். உள்ள ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கு. வாங்க, ரெண்டு பேருமா டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்.'' இதில் முக்கியமான வார்த்தை 'ரெண்டு பேருமா'.

கேட்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முதல் ரெண்டு நிமிஷம் சுருக்கென்றுதான் இருக்கும். 'உங்க அம்மா மேல அடிக்கலையா?' என்று ஆரம்பிக்காதீர்கள். சொல்வதற்கு அவர் எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்தாரோ!

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் தலையணை மேல் வைக்கலாமே என்று உங்களில் சிலருக்கு இந்நேரம் தோன்றியிருக்கும். வேண்டாம். அதுவும் சென்ட் பாட்டில் கேஸ்தான். படித்துவிட்டு, 'நல்லா எழுதியிருக்கான்' என்று பாராட்டிவிட்டு, மடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

வாயைத் திறந்து சொல்லுங்கள்.